நீலக் கோட்டுக்கு மேலே

கடலடிக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லிவிட்டு, ரோபோவை ஓட்டுகிற கஸ்பார் காலை நீட்டிக்கொண்டான். உலகம்மாளுக்கு அது தெரியாததா. இருபது வருஷமாக இந்த இறக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கப்பலின் பின்தளத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த இந்த இரும்புக் கன்டெய்னருக்குள், ஏசி குளிரில், சால்வையைப் போர்த்திக்கொண்டு, திரையில் தெரியும் இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் வேலை. கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி வடத்தின் நுனியில் ரோபோ இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தூசி மேலே போய்க்கொண்டே இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஆகா ஓகோ என்பார்கள். பத்தாவது நிமிஷத்தில் கொட்டாவி விடுவார்கள். அவளுக்கு இது பிடிக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், மனசு பாட்டுக்குப் போகும். ஆனால் இன்றைக்கு மனசு போக மாட்டேன் என்கிறது, ஓரிடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. காலையில் மேலே வந்த மண்ணில்தான் முட்டுகிறது. கடலடியிலிருந்து பெட்டியில் அள்ளிக்கொண்டு வந்த மண்ணை மோந்து பார்த்துவிட்டு, ‘வாசனை இல்ல, ஊத்து அடங்கிப் போச்சு’ என்று அவள்தான் சொன்னாள். அவள் சொன்னதால்தான் ரோபோ இறங்குகிறது. அதன் கையில் இன்றைக்கு வெட்டுகிற இடுக்கி மாட்டியிருக்கிறது. மூன்று வருஷமாக வெட்டக்கூடாது, தொடக்கூடாது என்று அவளே காவல் காத்த கடலடிப் புழுப் புதரை வெட்டிக்கொண்டு வருவதற்காக.

அந்தக் கப்பலில் உலகம்மாளின் மூக்குக்கு இருக்கும் மரியாதை கேப்டனின் தொப்பிக்குக்கூடக் கிடையாது. கடலடியில் எண்ணெயும் வாயுவும் கசிகிற இடத்து மண், மேலே வந்ததும் அழுகின முட்டை மாதிரி நாறும். நாறினால் ஊற்று உயிரோடு இருக்கிறது, அதை நம்பி வாழ்கிற ஜீவன்களுக்குச் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடலாம்தான். அதற்கு நாளாகும், கப்பலோ சாயங்காலம் திரும்பியாக வேண்டும். அதனால் மூக்குதான் கருவி. இளசுகள் ஆளுக்கு ஆள் மோந்து பார்த்து ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் ‘மேடம் வரட்டும்’ என்பார்கள். மேடம் வந்து, கண்ணை மூடி, ஒரே ஒரு இழுப்பு இழுத்து, நல்ல ஊற்று, மெலிந்த ஊற்று, பழைய ஊற்று என்று சொல்லிவிட்டுப் போவாள். பிறகு வருகிற ஆய்வுக்கூடக் கணக்கு அதையே சொல்லும். இந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வாள்: நான் தென்காசிப் பெருங்காயக்காரர் மகள். அப்பா சங்கரலிங்கம் வீட்டுப் பின்கட்டிலேயே பெருங்காயம் கூட்டினார். வடக்கேயிருந்து பால் பெருங்காயம் தோல்பையில் வரும். அதை மாவோடும் பிசினோடும் எந்தப் பதத்தில் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மூக்கில்தான் இருந்தது. பாவாடை, தாவணி, தலைமுடி, பாடப் புத்தகம், எல்லாவற்றிலும் அந்த வாடை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். ‘பெருங்காய டப்பா வருது’ என்பார்கள். அழுதுகொண்டு வந்து நின்றால் அப்பா தலையை மோந்து பார்த்து, ‘மொத தரம்ட்டி நீ’ என்பார். அழுகை நின்றுவிடும். நாற்றத்தில் பிறந்து நாற்றத்திலேயே சம்பளம் வாங்குகிறவள் என்று அவளை அவளே கேலி செய்துகொள்வது வழக்கம். இன்றைக்கு அந்தக் கேலி வரவில்லை.

கறுப்பு மண். அதில்தான் இடிக்கிறது. உள்ளங்கையில் எடுத்தபோது குளிர்ந்து கிடந்தது, நல்ல கறுப்பாக, வழவழவென்று. அந்தக் கறுப்பு அப்படியெல்லாம் சும்மா வருவதில்லை. ஊற்று அடங்கி வெகுநாளான மண் என்றால் சாம்பல் பூத்திருக்க வேண்டும். பழைய கறுப்பு, இன்னும் வெளுக்கவில்லை என்று அந்த நேரத்தில் அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். குளிர் மட்டும் ஏறியது, மழைக்காலத்துச் சுவரில் மூக்கை வைத்தாற்போல. அவள் ‘வாசனை இல்ல’ என்றதும் சுற்றி நின்றவர்கள் பேசவில்லை. எப்போதும் ஏதாவது சொல்லுவார்களே. மெஹருன்னிசா கஸ்பாரைப் பார்த்தாள். கஸ்பார் தன் பூட்ஸைப் பார்த்தான். அது எதற்கு? புதரை வெட்டப் போகிறோமே என்ற வருத்தம் என்றுதான் அப்போது நினைத்தாள். மெஹருன்னிசா கீழக்கரைப் பெண், இந்தப் புழுக்களை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கியவள், அடுத்த வருஷத்திலிருந்து இந்தப் பயணத்தை அவள்தான் நடத்தப் போகிறாள். வருத்தம் இருக்கத்தானே செய்யும். ஆனால் வருத்தப்படுகிறவர்கள் அப்படி ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்களா? வருத்தப்படுகிறவள் மூக்கைத் துப்பட்டாவால் துடைப்பது மாதிரிப் பொத்திக்கொள்வாளா? பொத்தினாளா, துடைத்தாளா? உலகம்மாளுக்கு நினைவு வரவில்லை. நினைவை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், துப்பட்டாவின் பச்சை மட்டும் வருகிறது.

திரையில் தூசி மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பாரேன், அது பாட்டுக்கு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கீழே புதர் நின்றுகொண்டிருக்கும். புதர் என்று பேச்சுக்குச் சொல்வதுதான். நூற்றுக்கணக்கான குழல்கள், சுண்டுவிரல் தடிமனில், ஆள் உயரத்துக்கு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு புழு. குழல் வாயில் சிவப்பாக ஒரு குஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அது மூச்சு விடுவதற்கு. அடியில் வேர் மாதிரி ஒன்றை மண்ணுக்குள் விட்டு, அந்த நாற்றத்தை உறிஞ்சி, உடம்புக்குள் குடிவைத்திருக்கிற நுண்ணுயிர்களுக்குக் கொடுக்கும். அவை இதற்குச் சோறு ஆக்கிப் போடும். இதற்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது. குஞ்சாக நீந்தித் திரிகிற வயசில் வாய் இருக்கும். ஓரிடம் பிடித்து உட்கார்ந்ததும் நுண்ணுயிர்கள் தோல் வழியாக உள்ளே வரும், வாய் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு இருநூறு வருஷம், அதற்கு மேலும்கூட, அதே இடத்தில் நிற்கும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, ‘வாய் இல்லாததாலதான்பா இவ்வளவு ஆயுசு’ என்பாள், வகுப்பு சிரிக்கும். ஒரு தடவைகூட அவளுக்கு அதில் வேறெதுவும் தோன்றியதில்லை. அப்பாவின் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றின அந்தக் கடைசி வருஷத்தில்கூட அதே நகைச்சுவையை அதே இடத்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். மனுஷ மனசு கல்தான்.

ஊற்று இருக்கும்வரை வெட்டக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். ஆய்வகத்தில் முழுப் புதர் ஒன்று வேண்டும், வேரோடு வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்கள். இருநூறு வருஷத்தை அரை மணி நேரத்தில் அறுக்க நாம் யார் என்று சண்டை போட்டிருக்கிறாள். ஊற்று அடங்கினால் அவை எப்படியும் பட்டினியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், அப்போது எடுத்துக்கொள்ளலாம், அதுவரை கிட்டே போகாதீர்கள். வெட்டுவதற்குப் பதில் அவள் வேறொன்று செய்தாள். போன வருஷம் இதே மாதத்தில் புதரின் மேல் ஒரு தொட்டியைக் கவிழ்த்து நீலச் சாயம் பாய்ச்சினாள். குழல்களெல்லாம் நீலமாகிவிட்டன. சாயம் போட்ட பிறகு வளர்கிற பகுதி வெள்ளையாக இருக்கும். நீலம் முடிகிற கோட்டுக்கு மேலே எவ்வளவு வெள்ளையோ அதுதான் இந்த ஒரு வருஷம். கொன்று அறுத்து வயசு பார்க்காமல், நிற்கிறபடியே நிற்க விட்டு, எதிலிருந்து எவ்வளவு என்று அளக்க ஒரு வழி. இந்த யோசனை யாரோ எங்கோ செய்ததுதான், அவள் கண்டுபிடித்ததில்லை. ஆனாலும் அந்த நீலத்தைப் பார்க்கும்போது பெற்ற பிள்ளைக்கு மைப்பொட்டு வைத்த மாதிரி இருந்தது.

டீ வந்தது. கஸ்பார் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, ‘யாத்தே, இன்னைக்கு ஏலக்காய அள்ளிக் கொட்டிருக்கான்’ என்றான். உலகம்மாள் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டாள். சூடு தெரிந்தது. குடித்தாள், இனிப்பு தெரிந்தது. ஏலக்காய்? ஆவியில் மூக்கை வைத்தாள். வெதுவெதுப்பு, ஈரம். இன்னொரு வாய். இனிப்பு. சளி பிடித்திருக்கும். ஏசிதான். இந்த கன்டெய்னரில் ஒரு வாரம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் மூக்கு அடைக்காது. ஆனால் மூக்கு அடைக்கவில்லை, மூச்சு நன்றாகத்தான் போய் வருகிறது, அதுதானே வேடிக்கை. அந்தத் தொற்றுக் காலத்தில் அவளுக்கும் மூக்கு போய் வந்தது, வந்துவிட்டதே, அடுத்த மாசமே பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து அழுதாளே. அப்புறம்? அப்புறம் எப்போது? பள்ளிக்கரணை வீட்டில் போன மாசம் ஒருநாள் மேல்வீட்டு நிர்மலா வந்து கதவைத் தட்டினாள். ‘என்னக்கா, பால் தீயிற வாசனை மாடிவரைக்கும் வருது, உள்ளதான் இருக்கீங்களா?’ உள்ளேதான் இருந்தாள். அடுப்புக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பில் மூழ்கிவிட்டேன் என்று சிரித்தாள், நிர்மலாவும் சிரித்தாள். மூழ்கத்தான் செய்திருந்தாள் என்று இவ்வளவு நாளும் அவளே நம்பியும் இருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் மெஹருன்னிசா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முழங்கை இடிக்கிற தூரம். இந்தப் பெண்ணுக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது. நெற்றியிலும் கழுத்திலும் தைலம் அப்பிக்கொண்டுதான் உட்காருவாள். ஒரே கேபினில் படுக்கிறார்கள், தலையணை உறைகூடத் தைலமாக நாறும் என்று முதல் வருஷம் அவளைக் கேலி செய்திருக்கிறாள். உலகம்மாள் மெதுவாக, திரையைச் சரியாகப் பார்ப்பதற்காகச் சாய்வது போல, அவள் பக்கம் சாய்ந்தாள். மூச்சை இழுத்தாள். ஏசிக் காற்று. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். அந்தப் பெண்ணின் கழுத்தோரத்தில் பளபளவென்று ஈரம் தெரிகிறது. காற்றுதான். கேட்காதே, கேட்காதே என்று உள்ளே ஒன்று சொல்லும்போதே வாய் கேட்டுவிட்டது.

“என்ன மெஹரு, இன்னைக்குத் தைலம் தேய்க்கலையா?”

“தேய்ச்சிருக்கேனே மேடம். கஸ்பார் அண்ணன் காலைலேர்ந்து திட்டிட்டே இருக்காரு.”

“திட்டாம? கண்ணு எரியுதும்மா” என்றான் கஸ்பார். “மீன் புடிக்கிற வள்ளத்துலகூட இம்புட்டு வீச்சம் அடிக்காது.”

உலகம்மாள் சிரித்தாள். சிரிப்பு வந்தது, அதுதான் ஆச்சரியம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது தென்காசி வீட்டுப் பின்கட்டு வந்து நின்றது. கல்லூரி லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பா கூப்பிடுவார். ‘ஏட்டி உலகு, இங்க வா. இதைக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லு.’ தோல்பையைப் பிரித்து ஒரு கட்டியை அவள் கையில் வைப்பார். அவள் கண்ணை மூடி மோந்து பார்த்து, ‘இது ரெண்டாந்தரம்ப்பா, காறலடிக்குது’ என்பாள். அப்பா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘சரியாச் சொன்ன’ என்பார். தலைகால் புரியாது அவளுக்கு. அப்பா நம்மைச் சோதித்துப் பார்க்கிறார், நம் மூக்கு அப்பா மூக்காகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு லீவிலும் சோதனை நீண்டுகொண்டே போயிற்று. ஒரு கட்டி இரண்டானது, ஒரு பை முழுசானது. ‘சரியாச் சொன்ன. இது? சரியாச் சொன்ன. இது?’ விடுதிக்குத் திரும்பி, தோழிகளிடம் அதைப் பெருமையாகச் சொல்வாள். அவள் இல்லாத மாதங்களில் அப்பா என்ன செய்தார் என்று அவள் யோசித்ததே இல்லை. கூட்டினது எல்லாம் தப்பித்தப்பிப் போயிருக்கிறது. வாடிக்கைக் கடைக்காரர்கள் ஒருத்தர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை. அண்ணாச்சி மூக்கில் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? சத்தமில்லாமல் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார்கள். மரியாதை. மரியாதையாலேயே ஒரு மனுஷனைத் தனியாக நிற்க விட்டார்கள். அவளும்தான்.

அப்புறம்தான் கை நடுங்கியது. அப்புறம்தான் நடை குறுகியது, முகம் அசையாமல் போயிற்று, நிலைப்படியில் வந்து கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார், ஒரு அடி எடுத்து வைக்க யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும். மதுரையில் நரம்பு டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘வாசனை எப்பலேர்ந்து தெரியல இவருக்கு?’ வீட்டார் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வாசனையா, அவருக்கா, பெருங்காயம் கூட்டுகிறவர் டாக்டர் என்றாள் அம்மா, கொஞ்சம் கோபமாகவே. டாக்டர் சொன்னார், இந்த நடுக்குவாத நோயில் பல பேருக்கு முதலில் மூக்குதான் போகும், கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே போகும், ராத்திரி தூக்கத்தில் கத்துவார்கள், கையைக் காலை வீசுவார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாத முகமாகிவிட்டிருந்தது. கண் மட்டும் திரும்பி உலகம்மாளைப் பார்த்தது. அந்தப் பார்வையில்தான் அவளுக்குத் தெரிந்தது, அவை சோதனைகள் இல்லை என்று. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாமல்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எப்பலேர்ந்துப்பா என்று அப்போதும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு அவர் படுக்கையில் கிடந்த காலத்திலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணாலாவது ஏதாவது சொல்லியிருப்பார். முந்தாநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே மெஹருன்னிசா சொன்னாள்: ‘மேடம், ராத்திரி ஒரே கத்தல் நீங்க. சுவத்துல ஓங்கி அடிச்சீங்க.’ கனவு என்றாள். கனவுதான், யாருக்கு வராது. ஒரு கனவு, ஒரு தீய்ந்த பால், ஒரு டீ. தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டால்தான் கனக்கிறது. இல்லை, இன்னும் டாக்டர் சொல்லவில்லை. மூக்கு போனவர்களுக்கெல்லாம் அந்த நோய் வருவதில்லை, அதுவும் அவளுக்குத் தெரியும், எல்லாம் படித்துத் தொலைத்திருக்கிறாள். தெரிந்து என்ன? பயமாக இருக்கிறது. ஐம்பத்து நாலு வயசில், ஒன்றரைக் கிலோமீட்டர் தண்ணீருக்கு மேலே, பயத்தில் கால் கட்டைவிரலைச் செருப்புக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“அடி தெரியுது மேடம்” என்றான் கஸ்பார்.

சாம்பல் நிறத் தரை விளக்கு வெளிச்சத்துக்குள் வந்தது. ஒரு நண்டு சாவகாசமாக ஒதுங்கிக்கொண்டது. கஸ்பார் ரோபோவை இடது பக்கம் திருப்பினான், அங்கே, இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, புதர். நீலம். ஒரு வருஷத்தில் சாயம் கொஞ்சம்கூட மங்கவில்லை. கிட்டே போகப் போக ஒவ்வொரு குழலின் வாயிலும் சிவப்புக் குஞ்சம் தெரிந்தது, எல்லாம் விரிந்து, லேசாக ஆடிக்கொண்டு. ஊற்று அடங்கினாலும் சில காலம் சிவப்பு தெரியத்தான் செய்யும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அவளே எல்லோருக்கும் பாடம் எடுத்திருக்கிறாள். அவள் சிவப்பைப் பார்க்கவில்லை, நீலம் முடிகிற கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே, ஒவ்வொரு குழலிலும், வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு துளி வெள்ளை. அது போன வருஷத்துச் சாப்பாட்டிலும் வந்திருக்கலாம். இன்றைக்குச் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று மண்தான் சொல்ல வேண்டும், மண்ணைக் கேட்க அவளிடம் மூக்கு இல்லை. இவற்றுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறாள், இதிலிருந்து இவ்வளவு என்று. அப்பாவுக்கு யாரும் கோடு போடவில்லை. அவளுக்கும் இல்லை. பாலுக்கு முன்னாலா, பின்னாலா? போன வருஷம் இங்கே மோந்து பார்த்தபோது இருந்ததா? நல்ல ஊற்று என்று சொன்னாளே, வாசனை வந்துதான் சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா?

இடுக்கி விரிந்தது. கஸ்பார் அவள் சொல்லுக்காகக் காத்திருந்தான். முன்பக்கத்துக் குழல் ஒன்றை இடுக்கியின் நுனி தொட்டது, தொட்டதும் அதன் குஞ்சம் சட்டென்று உள்ளே போய்விட்டது. அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்ததும், அதற்கடுத்ததும் போயின. மெஹருன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வாய் இல்லையா, ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று உலகம்மாளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது அடங்கியது. பேசாமல் உட்காரக் கற்றுக்கொடுத்தது யார்? மேடம் வரட்டும், மேடம் சொல்லட்டும்.

“கொஞ்சம் பொறு கஸ்பார்” என்றாள். “மெஹரு, காலைல எடுத்த மண்ணு ஒரு டப்பால இருக்குல்ல, அதைக் கொண்டு வா.”

மெஹருன்னிசா ஓடித்தான் போனாள். மூடி போட்ட டப்பாவோடு வந்து அவள் முன்னால் நீட்டினாள். உலகம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீ மோந்து பாத்துச் சொல்லு.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்குக் கேட்டது. மெஹருன்னிசா மூடியைத் திறந்தாள். டப்பாவை மூக்குவரை கொண்டுபோகக்கூட இல்லை. கஸ்பார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

“நாறுது மேடம்” என்றாள் மெஹருன்னிசா. “நல்லா நாறுது. காலைலயும் நாறுச்சு.”

“பின்ன ஏன் அப்பவே சொல்லல?”

“நீங்க இல்லன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா... எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்கும்னு நெனச்சோம்.”

“சரியாச் சொன்ன” என்றாள் உலகம்மாள்.

அந்த இரண்டு வார்த்தையும் தானாக வந்து விழுந்தன. மெஹருன்னிசாவின் முகம் மலர்ந்தது. காது நுனிவரை சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, பெரிய பரீட்சையில் தேறிய சின்னப் பிள்ளை மாதிரி. கஸ்பார் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். ‘அட, டெஸ்ட்டா மேடம்? எங்க எல்லாரையும் மாக்கான் ஆக்கிட்டீங்களே. நான் காலைலேர்ந்து கொலைகாரன் மாதிரி முழிச்சிட்டு இருக்கேன்.’ இடுக்கி மூடிக்கொண்டது, பின்னால் வந்தது. உலகம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படித்தான் இருந்திருக்கும் அவள் முகமும், பின்கட்டில், கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது. இதைத்தான் அப்பா அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இப்படி ஒரு முகத்தைப் பார்த்த பிறகு யாரால் சொல்ல முடியும்? பயத்தில் சொல்லவில்லை, கௌரவத்தில் சொல்லவில்லை என்று இவ்வளவு வருஷம் அவர்மேல் இருந்த வருத்தமெல்லாம் அப்படியே கரைந்துபோயிற்று. பாவம் அப்பா. எவ்வளவு எளிதாக இருக்கிறது இது. இப்படியே விட்டுவிடலாம். இன்னும் இரண்டு வருஷம், மூன்று வருஷம், ஒவ்வொரு மண்ணையும் இவள் கையில் கொடுத்து, நீ சொல்லு, சரியாச் சொன்ன, நீ சொல்லு, சரியாச் சொன்ன. கெட்டிக்காரி மேடம் என்ற பெயரும் கெடாது. புழுவும் பிழைத்துக்கொண்டது.

“திரும்புறதுக்கு முன்னால இன்னொரு எடத்துல மண்ணு எடுத்துருவோமா மேடம்?” என்று கேட்டான் கஸ்பார். “நீங்க ஒரு தடவ பாத்துட்டா நிம்மதியாப் போகலாம்.”

“எடு. ஆனா நான் பாக்கல, மெஹரு பாக்கட்டும்.” டீக்குச் சர்க்கரை போதும் என்பது போலத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். “அது டெஸ்ட் இல்ல. எனக்கு வாசனை தெரியல. காலைல அந்த மண்ணுல எனக்கு ஒண்ணுமே வரல.”

கஸ்பாரின் கை பிடியிலேயே நின்றது. மெஹருன்னிசாவின் முகத்திலிருந்து அந்த மலர்ச்சி போவதை உலகம்மாள் பார்த்தாள், அதைப் போக்கினது தான்தான் என்று வலித்தது. திரையில் புதர் அசையாமல் நின்றது. உள்ளே போன குஞ்சங்களில் ஒன்று, ஆபத்து போய்விட்டதா என்று பார்ப்பது போல, கொஞ்சமாக வெளியே வந்தது. பிறகு அடுத்தது.

மெஹருன்னிசா டப்பாவை மூடித் தரையில் வைத்தாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். உலகம்மாளின் வலது கையைத் தன் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாள்.

“எப்பலேர்ந்து மேடம்?” என்றாள்.

உலகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையை விடுவித்துக்கொள்ளாமல், பால் தீய்ந்த நாளிலிருந்தா, அதற்கும் முன்னாலிருந்தா என்று யோசித்து யோசித்து, அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.